பதினொரு மணி விளக்கு

தம்பி,

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். "ம்மா, ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். அதுக்குள்ள அந்த கேமரா பாஸ்வர்ட மட்டும் அனுப்பிடுங்க. பெர்த்லேர்ந்து நானே அப்பாவப் பாத்துக்கிறேன்." அவ்வளவுதான். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று புரிந்தது. தீராதுதான். இரண்டு வாரத்துக்கு முன் சனிக்கிழமை, அப்பாவைக் கோலா கங்சார் பக்கத்துப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்காகக் கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையிலேயே காரோட்டிக்கொண்டு வந்தாய். கட்டில் ஜன்னல் ஓரமாக இருக்கவேண்டும் என்றுகூடப் பேசி வைத்திருந்தாய். நானோ உன்னை உட்காரவைத்துத் தோசை சுட்டுப் போட்டு, "அப்பா போகல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். "இது என்னம்மா வெளையாட்டா? எடம் பாருன்னு போன் பண்ணது நீங்கதானே?" என்று கத்தினாய். நான்தான். அன்றைக்குக் காரணம் சொல்ல என் வாய் கட்டிக் கிடந்தது. இன்றைக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

இன்று காலை கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் எனக்குப் போன் பண்ணுகிற மனுஷனா அவர்? ஸ்ட்ரோக் வந்த அன்றுகூடப் பக்கத்து வீட்டு அக்காதான் பண்ணினார்கள். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் மறுபடியும் விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். எடுத்தேன். "ஒரே குச்சிலா" என்றார். வைத்துவிட்டார். நான் கவுண்டரில் நின்றபடியே சிரிக்கவும் செய்தேன், அழவும் செய்தேன். நாற்பத்திரண்டு என்று கூப்பிடவேண்டியவள் இருபத்துநாலு என்று கூப்பிட, மருந்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மறுபடியும் எழுந்து வந்துவிட்டார், பாவம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அது என்ன குச்சி, என்ன சத்தியம் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீ கேட்டது ஒரு பாஸ்வர்ட், நான் எழுதுவது பக்கம் பக்கமாக. பொறுத்துக்கொண்டு படி.

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு அவர் விழுந்தார். பேச்சு திரும்பியது, காலும் கோல் ஊன்றுகிற அளவுக்குத் திரும்பியது, வலது கை மட்டும் வரவில்லை. பீடோரிலிருந்து கொய்யாவும் கீரையும் ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் லாரி ஓட்டிய கை அது. மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து, "அங்கள், இத தெனம் அமுக்கணும். சும்மா வெச்சிருந்தா கை அப்படியே இறுகிப் போயிரும்" என்று சொல்லி அனுப்பினாள். இவர் பெரிய பிள்ளையாட்டம் தலையாட்டிவிட்டு வந்தார். பந்து ஷோகேஸ் மேல் தூசி பிடித்துக் கிடந்தது. நான் ஒன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "பண்ணீங்களா?" என்பேன். "பண்ணிட்டேன்லா, சும்மா இரேன்" என்பார். பந்தின் மேலிருந்த தூசி எனக்கு வேறு கதை சொல்லும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். விழுந்ததிலிருந்து அவர் சாமி மேடைப் பக்கம் போவதில்லை. வெள்ளிக்கிழமை திருநீறு கொண்டுபோய் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கைய எடுத்துக்கிட்டவன்கிட்ட எந்தக் கைய தூக்கிக் கும்புடறது?" என்று ஒருநாள் கேட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. காலை ஆறு மணிக்கு நானே காமாட்சி விளக்கை ஏற்றி, அளவாக எண்ணெய் ஊற்றிவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அந்த எண்ணெய் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். இதை மட்டும் மறந்துவிடாதே.

பெர்த் வேலை உறுதியானதும் நீ அந்த இல்லத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். அங்கே தினமும் ஆள் வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள், பகலில் தனியாக இருக்கவேண்டாம் என்றாய். நீ சொன்னது தப்பில்லை. நான் வேலையை விட்டுவிடலாமே என்றும் சொன்னாய். தம்பி, வீட்டிலேயே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்ட்ரோக் எனக்குத்தான் வரும். "ஒரு மாசம் பொறு, அவரு நெசமாவே பண்றாரா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்தவள் நான். கண்ணால் பார்க்காமல், பதிவில் இல்லாமல், எதையும் நம்பமாட்டேன். உன் அப்பா என்னைக் கேலியாகக் "கிராணியம்மா" என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அப்படித்தான் கேமரா வந்தது. ஈப்போ டவுனில் அந்தக் கம்ப்யூட்டர் கடைப் பெண், "ஆன்ட்டி, இது வேணாம், அந்த உருண்ட கேமரா வாங்குங்க. போன்லயே பாக்கலாம், படமெல்லாம் அவங்க கிளவுட்ல இருக்கும்" என்றாள். "யாரு அவங்க?" என்றேன். "கம்பெனிக்காரங்க." "என் வீட்டுக்காரர் கைலியோட உக்காந்து முதுகு சொறியறத அந்தக் கம்பெனிக்காரங்க எதுக்குமா பாக்கணும்?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சாதாரண வெப்கேமைப் பையில் போட்டுக் கொடுத்தாள். நீ யூனிவர்சிட்டி முடித்தபோது லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் அலமாரியில் சும்மாதான் இருந்தது. அசைவைப் பார்த்துப் படம் பிடிக்கிற மென்பொருளை அதில் எப்படிப் போடுவது என்று இணையத்தில் ஒருவர் படிப்படியாக எழுதி வைத்திருந்தார். கட்டளை தட்டுகிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, அவர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். பாஸ்வர்ட் கேட்டது. தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்துக் கவிழ்த்துத் தட்டித் தூசியெல்லாம் ஊதினேன். பிறகுதான் தெரிந்தது, அது அப்படித்தானாம், எழுதுவதைக் காட்டாதாம். அடுத்து, கேமராவைத் திறக்க அனுமதி இல்லை என்றது. என் வீடு, என் லேப்டாப், என் காசில் வாங்கிய கேமரா, எனக்கே அனுமதி இல்லையாம்! என் பெயரை 'வீடியோ' என்கிற குழுவில் சேர்க்கவேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சேர்த்தேன். லேப்டாப்பை மூடினால் அதுவும் தூங்கிப்போனது. மூடினாலும் தூங்காதே என்று ஒரு வரி எழுதினேன். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு கேமராவில் பச்சை வெளிச்சம் எரிந்தது. அந்த வெளிச்சத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, ஷோகேஸில் உன் பேட்மிண்டன் கோப்பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. கட்டின புருஷனைத் திருடனை வேவு பார்ப்பதுபோல் பார்த்தேன். இது முதல் தப்பு.

அந்த மென்பொருள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எதுவும் அசையாதபோது சும்மா இருக்கும். அசைந்தால் படம் எடுத்து, மணியைப் பெயராகப் போட்டு, ஒரு ஃபோல்டரில் அடுக்கும். நல்ல கிராணி. கோப்பைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அப்பாவின் ரோத்தான் பிரம்பு நாற்காலி, வாசல் கதவு, இடது ஓரத்தில் சாமி மேடை, அதை ஒட்டிப் படுக்கையறைக் கதவு எல்லாம் தெரியும். முதல் நாள் ஆசை ஆசையாக வந்து திறந்தால், ஐயோ, ஆயிரக்கணக்கில் படங்கள்! ஒன்றைத் திறந்தேன், விளக்கு. இன்னொன்று, விளக்கு. சுடர் ஆடியதையெல்லாம் திருடன் வந்ததாக நினைத்துப் படம் பிடித்துத் தள்ளியிருந்தது. நூறு படம் பார்த்திருப்பேன், கண் வலித்தது. மீதியும் இதுதானே என்று மொத்தமாக அழித்துவிட்டு உனக்குப் போன் பண்ணினேன். "ம்மா, சிம்பிள்லா. விளக்கு இருக்கற எடத்த மட்டும் கறுப்பு அடிச்சு ஒரு படம் செஞ்சு அதுகிட்ட குடுங்க. கறுப்பா இருக்கற எடத்துல என்ன அசைஞ்சாலும் அது கண்டுக்காது" என்றாய். நினைவிருக்கிறதா? இதில் உனக்கும் பங்கு உண்டு, மகனே.

அடித்தேன் கறுப்பு. விளக்கின் வெளிச்சம் சுவரிலும் ஆடுகிறதே என்று கொஞ்சம் தாராளமாகவே அடித்தேன். மேடை முழுக்க, மேடைக்கு முன்னால் நின்று கும்பிடுகிற இடம் வரைக்கும். அங்கேதான் யாரும் போவதில்லையே. மறுநாளிலிருந்து ஃபோல்டர் சுத்தமாகிவிட்டது. பத்தேமுக்காலுக்கு உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, கோலை ஊன்றிப் படுக்கையறைப் பக்கம் நடப்பார். அதற்குப் பிறகு ஒரு படமும் இருக்காது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து உட்காருவார். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பந்தைத் தொட்ட படம் ஒன்றே ஒன்று, அதுவும் தள்ளி வைத்துவிட்டு நாளிதழ் எடுப்பதற்கு. போதாததற்கு, சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் எரிந்த தீக்குச்சிகள். வாங்கி வைத்த தீப்பெட்டிகள் மளமளவென்று குறைந்தன. அவர் கட்டைவிரல் நுனியில் கறுத்த தழும்பு. டாக்டர் அவ்வளவு சொல்லி விட்ட சிகரெட்டை மறுபடியும் பிடித்துவிட்டார், அறைக்குள் போய்ப் பிடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று முடிவு கட்டினேன்.

அன்று மத்தியானம் நான் பேசிய பேச்சை முழுதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "தெனம் பத்தேமுக்கால்லேர்ந்து பன்னெண்டு வரைக்கும் உள்ள போய்ப் படுத்துக்கிறீங்க. பயிற்சி பண்ணிட்டேன்னு வாய் கூசாமப் பொய் சொல்றீங்க. பீடி சிகரெட்டு வேற. இப்படியே கை இறுகிப் போகட்டும், நானும் ஒரு நாள் போய்ச் சேர்றேன், அப்பறம் யாரு ஊட்டி விடுவாங்க உங்களுக்கு?" என்றேன். நான் மணியைச் சரியாகச் சொன்னதில்தான் அவர் திகைத்தார். "எப்படித் தெரியும்?" என்றார். கோப்பையை நகர்த்திக் கேமராவைக் காட்டினேன். "கேமரா வெச்சியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மறுப்பு இல்லை, ஒரு விளக்கம் இல்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, "எடம் பாரு, சேத்துடலாம்" என்றேன். வியாழக்கிழமை நீலப் பையில் அவர் துணியை மடித்து வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டம் போட்ட கைலியும் வெய்யி" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்கவேண்டும். நீ மூன்றாம் படிவம் படித்தபோது, டியூஷன் வருகைத் தாளில் மூன்று வாரமாக உன் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை என்று உன்னை ரோத்தானால் விளாசினேன். "நான் போனேம்மா, போனேம்மா" என்று கத்தினாய். தாளில் இல்லையே என்று இன்னும் நாலு வைத்தேன். வகுப்பில் இடமில்லாமல் உன்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள், தாள் உள்ளேயே சுற்றிவிட்டு வாத்தியாரிடம் போய்விட்டது, என்று ஒரு மாதம் கழித்து வாத்தியாரே சொன்னார். நான் உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று ராத்திரி உனக்குப் பிடித்த கோழிப் பிரட்டல் வைத்தேன், அதோடு சரி. நீயும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாய். இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்: நீ போனாய். நான் உன்னை அடித்தது அநியாயம். மன்னித்துக்கொள். வேலை செய்கிற இடத்தில் உனக்குக் கீழே நாலு பேர் வரும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள். தாளில் இல்லாதது நடக்காதது ஆகிவிடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது, உனக்கு ஒரு தடவை போதும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் நீ வருவாய். மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப்பில் இடமே இல்லை, நிறைந்துவிட்டது என்று ஒரு செய்தி. இனி அது எதற்கு என்று இருந்தாலும், ஒரு வேலையைப் பாதியில் விட என் கை விடாது. அழித்த படங்கள் அழியவில்லை, எல்லாம் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடக்கின்றன, அதைக் காலி செய்யவேண்டும் என்று கண்டுபிடித்தேன். திறந்தால் முதல் நாள் எடுத்த ஆயிரக்கணக்கான விளக்குப் படங்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப்போனவள், கண்ணில் பட்ட ஒரு படத்தின் பெயரில் இருந்த மணியைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தெட்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கை நின்றுவிட்டது, தம்பி. நான் ஆறு மணிக்கு ஏற்றிய விளக்கு. ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோகிற எண்ணெய். பன்னிரண்டு மணிக்கு எப்படி எரியும்? பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மணியிலிருந்து பதினொன்றே காலுக்குக் கொஞ்சம் பின்வரை சுடர். அதற்கு முன்னால் சுடர் இல்லை. உன் அப்பா இருந்தார். மேடைக்கு முன்னால், விளக்கில் மறுபடியும் எண்ணெய் ஊற்றிவிட்டு, இடுப்பை மேடை விளிம்பில் சாய்த்துக்கொண்டு, இடது கையில் தீப்பெட்டி, வலது கையில் ஒரு குச்சி. அடுத்த படத்தில் குச்சி தரையில் கிடந்தது. அடுத்ததில் இடது கையால் இன்னொரு குச்சி எடுத்து வலது கை விரல்களுக்கு நடுவில் செருகினார். அடுத்ததில் அது பற்றியது, திரிக்குப் போவதற்குள் அணைந்தது. அடுத்ததில் விரலைச் சுட்டுக்கொண்டு வாயில் வைத்திருந்தார். இப்படியே படம் படமாக, அரை மணி நேரத்துக்கு மேல். ஒரு தடவைகூட இடது கையில் குச்சியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரே நொடியில் ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம். கடைசியில் திரி பற்றியதும் அவர் நின்ற நிலை இருக்கிறதே, லாரியை மலைப்பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கும்போது நிற்பாரே, அப்படி நின்றார். பன்னிரண்டு மணிப் படத்தில், அதே வலது கை விரலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து விளக்கைக் குளிரவைத்துவிட்டு, கீழே விழுந்த குச்சிகளைக் கோலால் ஒன்று சேர்த்து, குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரியக்கூடாது என்று.

நான் தொல்லை என்று அழித்ததுதான் சேதி. பொய் என்று எழுதிய அந்த ஒண்ணேகால் மணி நேரம், நான் அடித்த கறுப்புக்குள் நின்றிருந்தது.

அவர் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரல் தழும்பைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார். "ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"என்னத்தச் சொல்றது? ஒரு வெளக்கு ஏத்த ஒரு பெட்டி குச்சி காலியாவுதுன்னா? ஒரே குச்சியில ஏத்துற அன்னிக்கு உன்னய நிக்க வெச்சுக் காட்டலாம்னு இருந்தேன்லா."

"பந்து இருக்குல்ல?"

"பந்த அமுக்குனா என்ன தெரியும்? அமுக்குனியா இல்லையான்னு பந்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது எரிஞ்சா எரிஞ்சதுதான்."

"சாமி மேல கோவம்னு சொன்னீங்க?"

"கோவந்தான். வெளக்கு சாமிக்கு இல்ல, கைக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அப்பறம் பாத்துக்கலாம் அதெல்லாம்" என்றார்.

நான் உடைந்து அழுதேன். தப்பு என்மேல்தான், மன்னிச்சிடுங்க என்று வாய்விட்டுக் கேட்டேன். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை, கோழிப் பிரட்டல் வைக்காமல் கேட்டது. அவர் என் தலையில் வைக்கத் தூக்கியது வலது கையை. பாதி தூரம் வந்து தோளில் விழுந்தது. "அந்தக் கேமராவுக்குக் கண்ணு தெரியலலா, கிராணியம்மா" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். உடனே எழுந்துபோய் நீலப் பையைக் கொட்டித் துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கினேன். கட்டம் போட்ட கைலியை முதலில் எடுத்தேன். மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. "ஏன் போறேன்னு ஒத்துக்கிட்டீங்க? போகமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று அலமாரிப் பக்கத்திலிருந்து கேட்டேன். "நீ வேலைக்கும் போயி, என்னயும் பாத்து, எளைச்சுப் போய்ட்ட. அங்க போனா நீயாச்சும் நிம்மதியா இருப்பியேன்னு பாத்தேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை அழுதேன்.

அன்றைக்குத்தான் சத்தியம் வாங்கினார். "அவன் நாளைக்கு வருவான். போகலன்னு மட்டும் சொல்லு. இதச் சொல்லாத. மகன்கிட்ட அப்பன் ஒரு குச்சி கொளுத்தக் கஷ்டப்படறேன்னா சொல்றது? ஒரே குச்சியில ஏத்துன அன்னிக்குச் சொல்லு." அதனால்தான் நீ கத்தியபோது தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நீ கவனித்திருக்கமாட்டாய். நீ போனபின் மருத்துவமனைக்குப் போனோம். கையில் பிடிப்பு நன்றாகத் திரும்பியிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். "அங்கள், பந்து நல்லா வேல செய்யுதுல்ல?" என்றாள். உன் அப்பா ரொம்ப மரியாதையாக, "ஆமாம்மா, நல்ல பந்து" என்றார். நான் வெளியே வந்துதான் சிரித்தேன்.

ஆகவே, தம்பி, அவர் தனியாக இருக்கிறாரே என்ற பயத்தை நீ இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். கொஞ்சமாவது விட்டுவிட்டுப் போ. பக்கத்து வீட்டு அக்கா இப்போது பத்து மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நானும் வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டேன். ஒரு குச்சிக்காக அரை மணி நேரம் நின்று மல்லுக்கட்டுகிற மனுஷனை யாரும் தூக்கிக்கொண்டு போய் எங்கேயும் படுக்கவைக்க முடியாது. நீ நிம்மதியாக விமானம் ஏறு. அங்கே போய் நேரத்துக்குச் சாப்பிடு. யாராவது உன்னிடம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால், அவன் தப்பு செய்துவிட்டான் என்று உடனே எழுதிவிடாதே, உன் அம்மா புத்தி உனக்கு வேண்டாம்.

பாஸ்வர்ட் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் நீ போன் பண்ணமாட்டாய். பார்த்தாச்சே, நல்லாத்தான் இருக்காங்க என்று விட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அதுவுமில்லாமல், இப்போது கேமரா உன் அப்பா சொற்படி இருக்கிறது. டேப்பை உரித்துவிட்டேன், கோப்பைக்கு முன்னால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். மத்தியானம் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் படத்தை மறுபடியும் வரைந்தோம், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் அடி, இன்னும் அடி, என் மூஞ்சி தெரியக்கூடாது, தொப்ப தெரியக்கூடாது" என்று சொல்லச் சொல்ல அடித்தேன். அன்று விளக்கை மட்டும் கறுப்பாக்கினேன். இன்று விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்பாக்கியிருக்கிறேன். உனக்கு அனுப்பப்போகிற படத்திலும் அப்படியே கறுப்பாக வருகிற மாதிரி இன்னொரு வரியும் கண்டுபிடித்துப் போட்டுவிட்டேன். காலையில் நான் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். அது இனி அவர் வேலை.

ஆகையால் நாளையிலிருந்து தினமும் உனக்கு ஒரே ஒரு படம் மின்னஞ்சலில் வரும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் காமாட்சி விளக்கு, அதை ஏற்றுகிற ஒரு கை. இங்கே பதினொரு மணி என்றால் பெர்த்திலும் பதினொரு மணிதானாம், உன் அப்பா விசாரித்து வைத்திருக்கிறார். ஒரு நாள் படம் வரவில்லை என்றால் பதறாதே. கோபப்படாதே, காரணம் கேட்காதே. அப்பாவுக்குப் போன் போடு. "தீப்பெட்டி இருக்காப்பா?" என்று கேள்.

உன் அம்மா